நாவு ஓர் அமானிதம்

(ஜமாஅத் ஆண்டு விழாவில், இஷாத் தொழுகைக்குப் பின் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புகழ் அனைத்தும் வல்ல ரஹ்மானுக்கே உரித்தாகுக. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

வரவு செலவுக் கணக்கைச் சற்று முன்னர் செயலாளர் அவர்கள் வாசிக்கக் கேட்டோம். சந்தா, மக்தப் ஆசிரியர் ஊதியம், மின் கட்டணம், ஹவுல் பராமரிப்பு என ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது இருக்கிறது. பள்ளிவாசலின் பணத்தில் இத்துணை பேணுதல் காட்டும் நாம், நம் வாயிலிருந்து நாள்தோறும் செலவாகும் சொற்களுக்கு என்ன கணக்கு வைத்திருக்கிறோம்? நாம் எழுதாவிட்டாலும் அக்கணக்கு எழுதப்படுகிறது. மனிதன் மொழிகின்ற எந்தச் சொல்லும் அதனைக் கண்காணித்துப் பதிவு செய்யும் வானவர் இல்லாமல் வெளிப்படுவதில்லை என்று காஃப் அத்தியாயம் (50:18) நமக்கு அறிவிக்கிறது.

நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை தம் தோழர்களிடம், திவாலானவன் யார் என்று வினவினார்கள். காசும் பொருளும் இல்லாதவனே திவாலானவன் என்று தோழர்கள் விடை பகர்ந்தனர். அதற்கு நாயகம் (ஸல்) அவர்கள், மறுமையில் தொழுகை, நோன்பு, ஸகாத் ஆகிய நன்மைகளோடு வந்தும், ஒருவனை ஏசியதாலும், ஒருவன் மீது அவதூறு சுமத்தியதாலும், ஒருவனின் பொருளைத் தின்றதாலும், ஒருவனின் இரத்தத்தைச் சிந்தியதாலும், ஒருவனை அடித்ததாலும் அந்நன்மைகளையெல்லாம் அவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவனே என் சமுதாயத்தில் திவாலானவன் என்ற கருத்துப்பட விளக்கினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள இந்த ஹதீஸில், கொலைக்கும் களவுக்கும் முன்பாக முதலிடத்தில் வைத்து எண்ணப்பட்டிருப்பது ஏச்சுதான் என்பதைக் கவனியுங்கள். ஆகவேதான், சிறிய செய்தி என்று பலரும் கடந்துபோகின்ற வசைமொழியைப் பற்றி இன்று பேச விழைகிறோம்.

மூன்று வகை

"கெட்ட வார்த்தை" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆயினும் அதற்குள் மூன்று வெவ்வேறு செயல்கள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, நாணத்திற்குரியவற்றை வெட்கமின்றி வாய்விட்டுச் சொல்லும் ஆபாசப் பேச்சு. இரண்டாவது, ஒருவரை இழிவுபடுத்தும் ஏச்சு. மூன்றாவது, ஒருவருக்குக் கேடு விளைய வேண்டும் என்று வேண்டும் சாபம். இதனையே லஃனத் என்கிறோம்.

இறைநம்பிக்கையாளன் பிறரைக் குத்திக் குறை பேசுபவனாகவோ, சாபமிடுபவனாகவோ, ஆபாசமாகப் பேசுபவனாகவோ, நாகரிகமற்ற வாயுடையவனாகவோ இருக்கமாட்டான் என்ற கருத்தில் ஹழ்ரத் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதியில் உள்ளது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் நாவினால் விளையும் இருபது தீங்குகளை வரிசைப்படுத்தும்போது, ஆபாசப் பேச்சைத் தனியாகவும் சாபத்தைத் தனியாகவும் எடுத்து ஆராய்ந்துள்ளார்கள். ஏனெனில் இவற்றின் நோய் வேறு, மருந்து வேறு. நாற்றமடிக்கும் சொல் ஒன்றைக்கூடப் பேசாத மனிதர், நாளெல்லாம் தம் பிள்ளைகளைச் சபித்துக்கொண்டிருக்கக் கூடும்.

சொல்லின் பொருளை அறிவோமா?

சபையின் கண்ணியம் கருதி ஆபாசச் சொற்களை இங்கே உச்சரிக்கமாட்டோம். ஆனால் நம் வீடுகளில் சர்வ சாதாரணமாகப் புழங்கும் சாபச் சொற்கள் சிலவற்றைப் பொருள் விளங்கிப் பார்ப்போம்.

"பேதியிலே போவான்", "கொள்ளையிலே போவான்" என்று முந்தைய தலைமுறையினர் ஏசக் கேட்டிருப்பீர்கள். பேதி என்றது வயிற்றுப்போக்கை மட்டுமன்று. வாந்திபேதி என்னும் காலராவை. கொள்ளை என்றது கொள்ளைநோயை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தின்போது பசியோடு காலராவும் சேர்ந்து நம் மாகாணத்தின் ஊர்களைச் சூறையாடியது. அதற்குப் பின்னரும் பல்லாண்டுகள் அந்நோய் வந்து வந்து போயிற்று. காலையில் நடமாடியவரை மாலையில் அடக்கம் செய்த காலம் அது. அந்தச் சாவு உனக்கும் வரட்டும் என்பதே அச்சொல்லின் பொருள். நோய் அடங்கிவிட்டது, சொல் மட்டும் நாவில் தங்கிவிட்டது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா பரவியபோது, உற்றாரும் நெருங்க அஞ்சிய உடல்களை மதபேதமின்றி நல்லடக்கம் செய்த முஸ்லிம் தன்னார்வலர்களைத் தமிழகமெங்கும் கண்டோம். அந்த மையித்துகளைத் தூக்கிய ஒருவர், இன்னொரு மனிதனைப் பார்த்து "உனக்கும் அந்நோய் வரட்டும்" என்று சொல்லத் துணிவாரா? துணியமாட்டார். ஏனெனில் அச்சொல்லின் எடையை அவருடைய தோள் அறியும்.

"கட்டையிலே போவான்" என்கிறோம். கட்டை என்பது சிதையில் அடுக்கும் விறகு. கபுருக்குச் செல்பவர்களாகிய நாம், நம் பிள்ளையைப் பார்த்து இதனைச் சொல்லும்போது என்ன சொல்கிறோம் என்று ஒரு கணமேனும் எண்ணியதுண்டா? "சனியன்" என்கிறோம், அது பிற சமயத்து மக்கள் நம்பும் ஒரு கிரகத்தின் பெயர். "மூதேவி" என்கிறோம், அதுவும் அவர்களுடைய நம்பிக்கையைச் சார்ந்த ஒரு பெயர். நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படியே என்று நம்பும் வீட்டில், காலைப் பொழுதில் பிள்ளையை எழுப்பும் முதற்சொல்லாக இவை வருவது பொருத்தமா? அயலாரின் நம்பிக்கைக்குரியவற்றை ஏசும் வழக்கமும் நமக்குத் தடுக்கப்பட்டதே. அவர்கள் அழைத்து வணங்குபவற்றை ஏசாதீர்கள், அவர்கள் அறியாமையினால் வரம்பு மீறி அல்லாஹ்வை ஏசுவார்கள் என்று அல்அன்ஆம் அத்தியாயம் (6:108) எச்சரிக்கிறது. ஒரே தெருவில் கலந்து வாழும் நமக்கு இது அன்றாடம் தேவைப்படும் பாடம்.

லஃனத் என்னும் அரபுச் சொல்லின் பொருளையும் அறிந்துகொள்ளுங்கள். அல்லாஹ்வின் ரஹ்மத்திலிருந்து தூரமாக்கப்படுதல் என்பதே அது. ஆக, சாபமிடுபவர் தம் கோபத்தை வெளிப்படுத்துவதோடு நிற்கவில்லை; யாருக்கு அருள் உண்டு, யாருக்கு இல்லை என்ற தீர்ப்பைத் தம் கையில் எடுத்துக்கொள்கிறார்.

யார் மீது விழுகிறது?

நம் நாட்டின் ஏச்சுகளை ஆராய்ந்தால் வியப்பான ஓர் உண்மை புலப்படும். தவறு செய்தவன் ஒருவன். ஏச்சு விழுவதோ இன்னொருவர் மீது. வண்டியை இடித்தவன் மகன். இழிவுபடுத்தப்படுபவள் வீட்டிலே உலை வைத்துக்கொண்டிருக்கும் அவனுடைய தாய். கடனைத் திருப்பித் தராதவன் கணவன். பெயர் கெடுக்கப்படுபவள் அவன் மனைவி.

இதன் மார்க்கச் சட்டத்தை நம் இளைஞர்கள் அறிய வேண்டும். ஒரு பெண்ணின் கற்பின் மீது பழி சுமத்திவிட்டு நான்கு சாட்சிகளைக் கொண்டு வராதவனுக்கு 80 கசையடி என்றும், அவனுடைய சாட்சியத்தை ஒருபோதும் ஏற்காதீர்கள் என்றும் அந்நூர் அத்தியாயம் (24:4) கூறுகிறது. இக்குற்றத்திற்குக் கத்ஃப் என்று பெயர். ஃபிக்ஹு நூல்கள் இதற்கெனத் தனிப்பாடமே ஒதுக்கியுள்ளன. இன்று தேநீர்க் கடை வாசலில் நண்பர்கள் சிரித்துக்கொண்டே பரிமாறிக்கொள்ளும் அந்த ஒரு சொல், தன் பொருளளவில் நண்பனின் தாய் மீது சுமத்தப்படும் கத்ஃபேயாகும். "விளையாட்டுக்குச் சொன்னேன் ஹஜ்ரத், அவன் என் நண்பன்" என்று சில இளைஞர்கள் கூறுவர். உன் நண்பன் பொறுத்துக்கொள்ளலாம். அவனுடைய தாயாரிடம் அனுமதி பெற்றாயா?

பெற்றோரைச் சபிப்பது பெரும்பாவங்களுள் ஒன்று என நாயகம் (ஸல்) அவர்கள் கூறியபோது, ஒருவன் தன் பெற்றோரையே எவ்வாறு சபிப்பான் என்று தோழர்கள் வியந்து கேட்டனர். இவன் இன்னொருவனின் தந்தையை ஏசுவான், அவன் இவனுடைய தந்தையையும் தாயையும் ஏசுவான் என்ற கருத்தில் விளக்கம் தந்தார்கள். புகாரியில் உள்ள ஹதீஸ் இது. பிறர் தாயை ஏசத் திறக்கும் வாய், தன் தாயை ஏசுவதற்கான வாசலையே திறக்கிறது.

ஹழ்ரத் அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சுட்டி இழிவாகப் பேசிவிட்டார்கள். அவருடைய தாயைச் சொல்லியா குறை கூறினீர், உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்துக் குணம் இருக்கிறதே என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். பணியாளர்களும் உங்கள் சகோதரர்களே, நீங்கள் உண்பதை அவர்களுக்கு ஊட்டுங்கள், நீங்கள் உடுத்துவதை அவர்களுக்கு உடுத்துங்கள் என்றும் கற்பித்தார்கள். பல்லாண்டுகளுக்குப் பின்னர் ரபதா என்னும் ஊரில் அபூதர் (ரலி) அவர்களைச் சந்தித்த ஒருவர், அவர்களும் அவர்களுடைய பணியாளரும் ஒரே மாதிரியான ஆடை அணிந்திருப்பதைக் கண்டு காரணம் கேட்டார். அப்போது அந்த ஸஹாபி எடுத்துச் சொன்னது இந்தப் பழைய நிகழ்ச்சியைத்தான். ஒரு சொல்லுக்கான வருத்தத்தை வாழ்நாள் முழுதும் உடுத்திக்கொண்டார்கள்.

தாயை மட்டுமா? சாதியின் பெயரும் ஏச்சாகிறது, உடற்குறையும் ஏச்சாகிறது. செவிடு, குருடு, நொண்டி, பைத்தியம் என்று நாம் கோபத்தில் சொல்லும்போது, அந்தக் குறையோடு அல்லாஹ் படைத்த அடியார் ஒருவர் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருக்கலாம். ஒருவரையொருவர் பட்டப்பெயரால் இழிவாக அழைக்காதீர்கள் என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் (49:11) கட்டளை. நாட்டின் சட்டமும் இவற்றைக் குற்றமாகவே கருதுகிறது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பொதுப் பார்வையில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி தண்டனைக்குரியது. மாற்றுத் திறனாளிகளைப் பொதுப் பார்வையில் வேண்டுமென்றே அவமதித்தால் 2016ஆம் ஆண்டின் சட்டப்படி ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. சட்டத்திற்கு அஞ்சி அடங்கும் நாவு, சட்டத்தை அருளிய இறைவனுக்கு அஞ்சி அடங்க வேண்டாமா?

வீட்டினுள்ளே

தாய்மார்களே! உங்களிடம் ஒரு செய்தியைப் பணிவுடன் முன்வைக்கிறோம். தந்தையர்க்கும் இது பொருந்தும்.

ஒரு பயணத்தில் ஒருவர் தம் ஒட்டகம் மெதுவாக நடந்ததற்காக அதனைச் சபித்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அவரை ஒட்டகத்திலிருந்து இறங்கச் செய்தார்கள். பின்னர், உங்களுக்கு எதிராகவோ, உங்கள் பிள்ளைகளுக்கு எதிராகவோ, உங்கள் செல்வங்களுக்கு எதிராகவோ பிரார்த்திக்காதீர்கள், கேட்டது கொடுக்கப்படும் நேரமாக அது அமைந்துவிடலாம் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். ஹழ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்க, முஸ்லிமில் பதிவாகியுள்ளது. வாயில்லா ஒட்டகத்தின் நிலையே இதுவென்றால், பத்து மாதம் சுமந்த பிள்ளையின் நிலை என்ன?

"நீ உருப்படவே மாட்டாய்", "விளங்காமல் போவாய்" என்று சொல்லும் தாய், மெய்யாகவே அதனை விரும்புகிறாளா? இல்லவே இல்லை. அதே பிள்ளைக்கு அன்றிரவு காய்ச்சல் வந்தால் விடிய விடிய விழித்திருந்து ஓதி ஊதுபவளும் அவளே. மனிதன் நன்மையை வேண்டுவது போலவே தீமையையும் வேண்டிவிடுகிறான், அவன் அவசரக்காரன் என்று அல்இஸ்ரா அத்தியாயம் (17:11) நம் இயல்பை எடுத்துரைக்கிறது. அல்லாஹ் தன் கருணையினால் நம் அவசரச் சொற்களை உடனுக்குடன் நிறைவேற்றாமல் விட்டுவைத்திருக்கிறான். அக்கருணையைச் சோதித்துப் பார்க்கலாகாது.

நம் பாட்டிமார்கள் இதற்கு ஓர் அழகிய வழியைக் கையாண்டார்கள். கோபம் உச்சிக்கு ஏறும், "நாச..." என்று வாய் தொடங்கிவிடும், ஆனால் பாதியிலேயே திருப்பி, "நாசமற்றுப் போ" என்று முடித்துவிடுவார்கள். நாசம் உன்னை அணுகாமல் போகட்டும் என்பது பொருள். பிள்ளையின் காதுக்கு ஏச்சு, அல்லாஹ்விடத்தில் துஆ. "நல்லா இருப்பே, எழுந்து ஓதப் போ" என்று அதட்டும் மூதாட்டியரும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய்மார்கள், கோபத்தை அடக்க முடியாதபோதும் சொல்லை அடக்கினார்கள். நம்மால் முடியாதா?

இன்னொன்று. மழலை வாய் முதன்முதலாக ஒரு கெட்ட சொல்லை உச்சரிக்கும்போது, கூடியிருப்பவர்கள் சிரித்துவிடுகிறார்கள். அந்தச் சிரிப்பே முதற்பாடம். மாலையில் மக்தபுக்கு வரும் பிள்ளையின் நாவைக் கலிமாவுக்கும் ஸூராக்களுக்கும் பழக்குகிறோம். காஃபுக்கும் காவுக்கும் உள்ள ஒலி வேறுபாட்டிற்காக உஸ்தாதுகள் நாள்கணக்கில் உழைக்கிறார்கள். அதே நாவு தெருவில் எதைப் பழகுகிறது என்பதில் மட்டும் நமக்கு அக்கறையில்லையென்றால், அந்த உழைப்பில் பாதி வீணாகிறது.

அநீதி இழைக்கப்பட்டவர் வாய்மூடி இருக்க வேண்டுமா?

இவ்விடத்தில் நியாயமான ஒரு கேள்வி எழும். "ஹஜ்ரத், அநியாயம் செய்தவனைக் கண்டால் நெஞ்சு பொறுக்கவில்லை. ஏசவும் கூடாது, சபிக்கவும் கூடாது என்றால், அவன் தலையில் மிளகாய் அரைக்க விட்டுவிடுவதா?" என்பர்.

இல்லை, பெரியோர்களே! இதுவே இன்றைய உரையின் மையக் கருத்து. ஏசாதிருத்தல் என்பது முறையிடாதிருத்தல் அன்று. தீய சொல்லைப் பகிரங்கமாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை, அநீதி இழைக்கப்பட்டவரைத் தவிர என்று அந்நிஸா அத்தியாயம் (4:148) விதிவிலக்கு அளித்திருக்கிறது. ஹழ்ரத் அபூஸுஃப்யான் (ரலி) அவர்களின் துணைவியார் ஹிந்த் (ரலி) அவர்கள் நாயகத்திடம் வந்து, தம் கணவர் கஞ்சத்தனம் உடையவர், தமக்கும் பிள்ளைகளுக்கும் போதிய செலவுக்குத் தருவதில்லை என முறையிட்டார்கள். கணவனைக் குறை கூறலாமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களைத் தடுக்கவில்லை. நியாயமான அளவுக்கு எடுத்துக்கொள்ள வழி சொன்னார்கள். நாயகத்திடமே கடனைக் கடுமையாகத் திருப்பிக் கேட்ட ஒருவரைத் தோழர்கள் தாக்க முனைந்தபோது, அவரை விட்டுவிடுங்கள், உரிமை உடையவருக்குப் பேசும் உரிமை உண்டு என்ற கருத்தில் தடுத்தார்கள். இரண்டும் புகாரியில் உள்ளன.

ஆக, குற்றத்தைச் சொல்லுங்கள், வசவைச் சொல்லாதீர்கள். இரண்டும் ஒன்றல்ல. "என் பங்கில் ஓரடி நிலத்தை வளைத்துச் சுவர் எழுப்பிவிட்டான்" என்பது குற்றச்சாட்டு. அதனை அளந்து பார்க்கலாம், சாட்சி கேட்கலாம், தீர்ப்புச் சொல்லலாம். அவன் தாயைப் பற்றிய ஒரு சொல்லை அளக்க முடியுமா? ஜமாஅத் பஞ்சாயத்துகளில் அமர்ந்திருக்கும் நாம் மீண்டும் மீண்டும் காண்பது இதுதான். சுவர்ப் பிரச்சினையோடு அண்ணன் தம்பி வருவார்கள். அளவு நாடாவோடு சென்றால் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆனால் சுவரைப் பேசும்முன், பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வாயிலிருந்து வந்த சொல் எழுந்து நிற்கும். அந்தச் சொல்லை எந்த நாடாவாலும் அளக்க இயலாது. அநியாயம் செய்தவர் அச்சொல்லைப் பிடித்துக்கொண்டு பாதிக்கப்பட்டவராகிவிடுவார். உண்மையில் பாதிக்கப்பட்டவர் தலைகுனிந்து நிற்பார். கணவன் மனைவி வழக்குகளிலும் அவ்வாறே. செலவுக்குத் தராததைக் கூறும்போது கலங்காத பெண், தன்னைப் பெற்றவளை அவன் சொன்ன சொல்லைக் கூற வரும்போது பேச்சிழந்து விடுகிறாள்.

இருவர் ஏசிக்கொண்டால், அநீதி இழைக்கப்பட்டவர் எல்லை மீறாத வரை பாவம் தொடங்கியவர் மீதே என்ற கருத்துடைய ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. எல்லை மீறிவிட்டால் அந்தப் பாதுகாப்புப் போய்விடுகிறது. வசவு என்பது அநீதி இழைக்கப்பட்டவர் தம் கையாலேயே தம் வழக்கைக் கெடுத்துக்கொள்ளும் செயல்.

சாபமிடாமை ஏன்?

இணைவைப்போருக்கு எதிராகச் சாபமிட வேண்டும் எனக் கேட்கப்பட்டபோது, தாம் சாபமிடுபவராக அனுப்பப்படவில்லை, அருளாகவே அனுப்பப்பட்டிருப்பதாக நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். "அப்படியானால் பிஃரு மஊனாவில் குர்ஆன் ஓதும் தோழர்கள் வஞ்சகமாகக் கொல்லப்பட்டபோது ஒரு மாத காலம் குனூத் ஓதிக் கொலைகாரக் கூட்டத்தாருக்கு எதிராகப் பிரார்த்தித்தார்களே?" என்று கற்றவர்கள் கேட்கக்கூடும். உண்மைதான். அது பெரும் அநியாயத்திற்கு எதிராக இறைவனிடம் செய்த முறையீடு; ஒரு மாதத்தில் நிறுத்தியும் விட்டார்கள்.

அதைவிட ஆழமான படிப்பினை வேறொரு நிகழ்ச்சியில் உள்ளது. ஸஃப்வான் இப்னு உமைய்யா, ஸுஹைல் இப்னு அம்ரு, ஹாரிஸ் இப்னு ஹிஷாம் ஆகிய மூவரின் பெயர் சொல்லி நாயகம் (ஸல்) அவர்கள் எதிராகப் பிரார்த்தித்தபோது, இவ்விவகாரத்தில் உமக்கு அதிகாரம் இல்லை என்னும் கருத்துடைய ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 128ஆம் வசனம் இறங்கியது. புகாரியில் உள்ள செய்தி இது. பின்னர் நடந்தது என்ன? மக்கா வெற்றிக்குப் பின் அம்மூவருமே இஸ்லாத்தைத் தழுவினர். ஹுதைபிய்யாவில் எதிர்த்தரப்பில் அமர்ந்து உடன்படிக்கை பேசிய அதே ஸுஹைல் (ரலி) அவர்கள், நாயகத்தின் மறைவுக்குப் பின் மக்காவாசிகள் தடுமாறாதபடி எழுந்து நின்று உரையாற்றியதை வரலாறு பதிவு செய்துள்ளது. வஹீ வரும் நபிக்கே ஒரு மனிதனின் முடிவு அல்லாஹ்வின் கையில் என்று உணர்த்தப்பட்டதென்றால், நாளை நடப்பதை அறியாத நாம் யாருடைய முடிவை எழுத இயலும்?

தூய நாவின் பெருமிதம்

ஏசாதவர்களுக்கும் ஒரு சொல் கூற வேண்டும். கெட்ட வார்த்தை பேசாதவர் என்று பெயரெடுத்துவிட்டால், ஒருவகைப் பெருமிதம் மெல்ல வந்து குடியேறும். லாரி ஓட்டுபவரையும், மீன்பிடி படகில் செல்பவரையும், சந்தையில் மூட்டை தூக்குபவரையும் "வாய் சரியில்லாதவர்கள்" என்று ஏளனமாகப் பார்க்கத் தோன்றும். மதுப் பழக்கத்திற்காக மீண்டும் மீண்டும் தண்டிக்கப்பட்ட ஒருவரை மற்றொருவர் சபித்தபோது, அவரைச் சபிக்காதீர்கள், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிக்கிறார் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததைப் புகாரியில் காண்கிறோம். தண்டனை நிறைவேற்றப்பட்டது, சாபம் தடுக்கப்பட்டது.

மேலும், இலக்கணச் சுத்தமாகப் பேசியே ஒருவர் நெஞ்சைக் கிழிக்க இயலும். மருமகள் கொண்டுவந்த சீரைப் பற்றி மென்மையாகக் கேட்கப்படும் ஒரு கேள்வியில் ஆபாசச் சொல் ஒன்றும் இல்லை. ஆனால் அது குத்தல். குறை சொல்லித் திரிபவனுக்கும் குத்திப் பேசுபவனுக்கும் கேடுதான் என்று ஓர் அத்தியாயமே (104) இறங்கியிருக்கிறது. ஆகவே வாயைக் கழுவுவதோடு நில்லாமல் இதயத்தையும் கழுவ வேண்டும். சந்தையில் உரக்கப் பேசும் உழைப்பாளியின் இதயம் நம்முடையதைவிடத் தூய்மையாக இருக்கலாம்.

செய்யத் தக்கவை

பழக்கமாகிவிட்ட நாவை ஒரே நாளில் திருப்ப இயலாது. மார்க்கம் காட்டும் எளிய வழிகளைக் கைக்கொள்வோம். கோபம் வந்தால் ஷைத்தானை விட்டும் அல்லாஹ்விடம் காவல் தேட வேண்டும். நின்றிருந்தால் அமர வேண்டும். அப்போதும் அடங்காவிட்டால் படுத்துக்கொள்ள வேண்டும். நோன்பாளியை ஒருவர் ஏசினால், தான் நோன்பாளி என்று மட்டும் கூறுமாறு கற்பிக்கப்பட்டுள்ளது. ரமளானின் முப்பது நாள் பயிற்சியை மற்ற மாதங்களுக்கும் நீட்டிக்கலாம். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பும் முன் ஒருமுறை தாமே கேட்டுப் பார்க்கலாம். வாயால் சொன்னது காற்றோடு போனதாக நினைத்த காலம் மாறிவிட்டது. இன்று அது பத்துக் கைப்பேசிகளில் தங்கி, பேரப்பிள்ளைகளின் காதுவரை செல்கிறது.

நிர்வாகப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பஞ்சாயத்துத் தொடங்கும் முன், "நடந்ததைச் சொல்லுங்கள், ஆளையோ அவர் குடும்பத்தையோ ஏச இங்கு அனுமதியில்லை" என்று இரு தரப்பாரிடமும் உறுதி பெற்றுக்கொள்ளுங்கள். மீறினால் அன்றைய அமர்வை ஒத்திவையுங்கள். பள்ளிவாசல் வளாகத்தில் பணிபுரியும் மோதினார், துப்புரவுப் பணியாளர், கட்டட வேலைக்கு வரும் தொழிலாளர் எவரையும் ஒருமையில் ஏசி வேலை வாங்குவதில்லை என்பதையும் ஜமாஅத்தின் நெறியாக்குங்கள். ஹழ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் பத்தாண்டுகள் நாயகத்திற்குப் பணிவிடை செய்தார்கள். ஒருமுறைகூட நாயகம் (ஸல்) அவர்கள் தம்மைப் பார்த்துச் "சீ" என்று சொன்னதில்லை என்று சான்று பகர்ந்தார்கள். நம்மிடம் பணிபுரிந்தவர்கள் நாளை நம்மைப் பற்றி என்ன சான்று பகர்வார்கள் என்பதை ஒவ்வொருவரும் தம் உள்ளத்தில் கேட்டுக்கொள்வோமாக.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளைப் பொய்யிலிருந்தும், ஆபாசத்திலிருந்தும், சாபத்திலிருந்தும் காப்பாயாக! எங்கள் பிள்ளைகளுக்கு எதிராக நாங்கள் அவசரத்தில் மொழிந்தவற்றை ஏற்காது விடுவாயாக! அவர்களுக்காக நாங்கள் வேண்டிய நன்மைகளை ஏற்றருள்வாயாக! அநீதி இழைக்கப்பட்டவர்களுக்கு நீதியைத் தருவாயாக! எங்கள் ஊரில் பேச்சுவார்த்தை அற்றுப்போன உறவுகளை ஒன்று சேர்ப்பாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.